பனிச்சிறுத்தைக்குக் காலர் எதற்கு, எதற்கு வேண்டாம்

இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்ற கணக்கு 2024 ஜனவரியில் வந்ததே, அதற்கு, விலங்கின் கழுத்தில் மாட்டி அதன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே பதியும் காலர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பனிச்சிறுத்தையின் புள்ளிகளும் வேறு வேறு. தானியங்கி கேமராப் படங்களை வைத்தே தனித்தனியாக அடையாளம் காணலாம். ஆகவே எண்ணுவதற்காகக் காலர் மாட்டுவோம் என்று யார் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். ஒரு விலங்குக்கு எவ்வளவு நிலம் வேண்டும், அது எதைக் கொன்று தின்கிறது என்ற கேள்விகளுக்குத்தான் அந்தக் கருவி.

காரணம், மாட்டும் வேலையிலேயே ஆபத்து இருக்கிறது. பாறைச் சரிவில் பனிச்சிறுத்தை சிறுநீர் பீய்ச்சி, மண்ணைக் கீறி அடையாளம் வைக்கும் இடங்களில் காலைப் பிடிக்கும் சுருக்குக் கண்ணி வைப்பார்கள். விளிம்புக்கு அருகில் வைத்தால் சிக்கிய விலங்கு பள்ளத்தில் தொங்கும். பக்கத்தில் புதர் இருந்தால் கம்பி அதில் சுற்றிக்கொள்ளும். கம்பியில் சுழல் இணைப்பும், இழுவையைத் தாங்கும் சுருளும் இல்லாவிட்டால் கால் முறியும். மண் ஈரமாக இருந்து இரவில் உறைந்துவிட்டால் கண்ணி இயங்கவே இயங்காது.

ஒவ்வொரு கண்ணியிலும் சின்ன ரேடியோ ஒன்று இருக்கும். கம்பி இழுபட்டதும் அதிலுள்ள காந்தம் விலகி, சிக்னலின் துடிப்பு மாறும். நள்ளிரவானாலும் உடனே கிளம்ப வேண்டும். தாமதித்தால் கம்பியைக் கடித்துப் பல் உடையும். ரத்தம் ஓடாத பாதம் குளிரில் உறையும்.

மயக்கத்துக்கு மெடிடோமிடினும் டிலெட்டமைன்-சோலசெபாமும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாற்று மருந்தான அட்டிபமெசோல் முதலாவதை மட்டுமே முறிக்கும். அவசரப்பட்டு அதைப் போட்டுவிட்டால், மற்றது உடம்பில் இருக்கும்போதே விலங்கு எழுந்து, தள்ளாடியபடி பாறை விளிம்புக்குப் போய்விடும். கழுத்து அளவை எடுக்கும்போது அடர்ந்த மயிரை விலக்கிவிட்டு எடுக்க வேண்டும். மயிருக்கு மேலே அளந்தால் காலர் தளர்ந்து, தாடையில் மாட்டிக்கொள்ளும். வளரும் வயதுக் குட்டிக்கு இறுக்கமாக மாட்டுவது கொலைக்குச் சமம்.

அடுத்தது நேர இடைவெளி. அடிக்கடி இடம் பதிந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்; அரிதாகப் பதிந்தால் வேட்டையைத் தவறவிடுவோம். 5 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைப்பதில் ஒரு வசதி உண்டு: 24ஐ 5 மீதியில்லாமல் வகுக்காது. அதனால் பதியும் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து, இரவு பகல் எல்லாவற்றையும் தொட்டுவிடும். பதிந்த இடப்புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே இரை கிடக்கலாம். நேரில் போய் எலும்பையும் மயிரையும் பார்த்தால்தான் அது ஐபெக்ஸ் என்னும் காட்டு ஆடா, மேய்ப்பரின் ஆடா என்று தெரியும். இரையின் பல் தேய்மானம் அதன் வயதையும் ஓரளவு சொல்லிவிடும். இந்த நடைதான் உண்மையான ஆய்வு.

மங்கோலியாவின் தெற்கு கோபியில் உள்ள தோஸ்ட் மலைகளில் 2008 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே காலர் மாட்டிய 19 பனிச்சிறுத்தைகளின் 249 இரைகளைத் தேடிப் பார்த்ததில் 73 சதவீதம் காட்டு விலங்குகள், 27 சதவீதம் கால்நடைகள். கால்நடைகள் பல மடங்கு அதிகமாக இருக்கும் நிலத்தில் இந்தக் கணக்கு! ஓர் ஆணின் வாழ்விடம் சராசரியாக 207 சதுர கிலோமீட்டர், பெண்ணுக்கு 124. பனிச்சிறுத்தை வாழும் பகுதிகளில் உள்ள 170 காப்பகங்களில் 40 சதவீதம், ஓர் ஆணின் வாழ்விடத்தை விடச் சிறியவை என்பதும் அங்கே நடந்த ஆய்வில்தான் தெரிந்தது. 1980களில் நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் செயற்கைக்கோள் வசதியில்லாத வெறும் ரேடியோ காலரோடு அலைந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. மலை மறைத்தால் சிக்னல் போய்விடும். விலங்கு தொலைவுக்குப் போன நாட்களெல்லாம் கணக்கில் வராமலே போகும்.

ஆகவே லடாக்கிலோ ஸ்பிதியிலோ காலர் திட்டம் என்று அறிவிப்பு வந்தால், எத்தனை காலர் என்று கேட்காதீர்கள். இரைகளைத் தேடி நடக்க ஆள் இருக்கிறார்களா, குறித்த நாளில் தானே கழன்று விழும் பூட்டு காலரில் உண்டா, ஆடு இழந்த குடும்பத்துக்கு இழப்பீடும் பட்டிக்குக் கம்பிவலைக் கூரையும் திட்டச் செலவில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இடப்புள்ளிகளை உடனுக்குடன் வரைபடத்தில் வெளியிடுவோம் என்றால் அதை எதிர்த்தே ஆக வேண்டும். தோலுக்காக அலைபவனும் அந்த வரைபடத்தைப் பார்ப்பான்.