திரும்பி வந்தவர் தோற்றவர் அல்லர்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த 40 வினாடி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னோடு ஒரே பட்டாளத்தில் இருந்த அண்ணன் ஒருவர், ராணுவச் சிறப்புப் படைக்கான (கமாண்டோ) பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா மேடையில் பையன்களிடம் பேசினார். அரை மணி நேரத்துக்கும் மேலாக அண்ணன் பேசிய பேச்சில், "நடுவுலயே என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று அவர் சொன்ன ஓர் இடத்தை மட்டும் உருவி எடுத்து, பின்னால் சோக இசையைச் சேர்த்து, மேலே 'ஃபெயில் ஆன கமாண்டோ' என்று எழுதிப் பரப்பியிருக்கிறார்கள். அதன் கீழே வந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். திரும்பி வந்தவனுக்கெல்லாம் மேடை எதற்கு என்று எழுதியவர்களில் பலர் நான் முகம் பார்த்துப் பழகியவர்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சிறப்புப் படையின் தகுதிகாண் பயிற்சியிலிருந்து தன் பட்டாளத்துக்குத் திரும்பி வந்தவர் தோற்றவர் அல்லர். இதை இந்தப் பதிவில் இன்னும் சில முறை சொல்வேன். இது தெரியாமல்தான் இத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

பாராசூட் ரெஜிமென்டின் சிறப்புப் படைப் பிரிவுகளுக்கு வேண்டாம் என்பவரை யாரும் பிடித்து அனுப்புவதில்லை. தானாக முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும். அண்ணனைப் போல வேறொரு ரெஜிமென்டிலிருந்து போகிறவர், அதற்கு முன்பே பயிற்சி முடித்து, சத்தியப் பிரமாணம் எடுத்து, தன் பட்டாளத்தில் நல்ல பெயரோடு இருக்கும் முழுமையான சிப்பாய். அந்த நிம்மதியை விட்டுவிட்டு, தூக்கமும் சோறும் பெயரும் இல்லாத ஓர் இடத்துக்குப் போய், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று நிற்கிறார். அண்ணன் போன காலத்தில் அந்தச் சோதனை 3 மாதம். முதுகில் சுமையும் கையில் ஆயுதமுமாக நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தில் 100 கிலோமீட்டரைத் தொடும். போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். பயிற்சியே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் தேறிவிட்டால் அது சிறப்புப் படையாக இருக்காது. உடம்பு ஒத்துழைக்காதவர், குழுவோடு ஒட்டாதவர், போதும் என்று தானே கை தூக்கியவர், எலும்பு முறிந்தவர் என எல்லோரும் ஒரே வழியில்தான் திரும்புகிறார்கள். பட்டாளத்தில் அதை ஆர்.டி.யு. (ரிட்டர்ன் டு யூனிட், சொந்தப் பட்டாளத்துக்கே திரும்புவது) என்போம். தண்டனையும் கிடையாது, பதிவேட்டில் கறுப்புப் புள்ளியும் கிடையாது. மறுநாள் காலை தன் பழைய பட்டாளத்தின் அணிவகுப்பில் தன் பழைய இடத்தில் நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கைதட்டிக் கொண்டாடும் அந்தக் கமாண்டோப் படையின் வேரே சாதாரணப் பட்டாளங்களில்தான் இருக்கிறது. 1965 போரின்போது மேஜர் மேக் சிங் வெவ்வேறு ரெஜிமென்டுகளிலிருந்து விரும்பி வந்தவர்களைத் திரட்டி, எதிரியின் வரிசைக்குப் பின்னால் போய்த் தாக்கிய ஒரு சிறு படையை நடத்தினார். அதன் வெற்றியைப் பார்த்த பிறகுதான் 1966இல் 9 பாரா கமாண்டோ உருவாக்கப்பட்டது. அன்று அவரோடு போனவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர். லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், வரிசையில் நின்று ரொட்டி வாங்கிய சிப்பாய்கள்தான்.

அண்ணன் ஏன் திரும்பினார் என்பது எனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்திருந்தது. அதை மறைத்துக்கொண்டே சில நாள் ஓடியிருக்கிறார். காலணியைக் கழற்றியபோது உஸ்தாத் (பயிற்சி தருபவர்) பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இந்தக் காரணத்தை அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எதிரில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் சாக்குச் சொல்லக் கூடாது என்பதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அந்த நேர்மையைத்தான் வெட்டி எடுத்துக் கேலிப் பொருளாக்கியிருக்கிறீர்கள்.

அவர் திரும்பி வந்தபோது எங்கள் பட்டாளம் ரஜௌரிப் பக்கம் இருந்தது. காலாட்படைப் பட்டாளம் ஒவ்வொன்றிலும் கட்டக் பிளாட்டூன் என்று ஒன்று உண்டு. சுமார் 20 பேர் இருப்பார்கள். முன்னால் போய்த் தாக்கும் வேலை அவர்களுடையது. நான் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கால் ஆறியதும் அண்ணனை அதில்தான் போட்டார்கள். கமாண்டோவிலிருந்து வந்தவர் என்பதால் சுவரேறுவதும் கத்தி வீசுவதும் கற்றுத் தருவார் என்று நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம். அவர் முதல் நாள் எங்களைத் தரையில் உட்காரவைத்துக் காலுறையைக் கழற்றச் சொன்னார்.

கொப்புளத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எங்கள் முதல் பாடம். ஊசியைத் தீயில் காட்டி, நூலோடு கொப்புளத்தின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரு முனையையும் நறுக்கிவிட வேண்டும். நீர் நூல் வழியாகக் கசிந்துவிடும், தோல் உரியாது, காலையில் நடந்துவிடலாம். மெல்லிய காலுறை உள்ளே, தடித்தது வெளியே. அடுத்த பாடம் பிட்டு, அதாவது முதுகுப் பை, கட்டுவது. கனமான பொருள் அடியில் போகக் கூடாது. முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் அவர் முன்னால் நின்று குதிக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலோ குண்டு உறையோ கொக்கியோ ஒரு சத்தம் எழுப்பினாலும் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். "ராத்திரி ரோந்துல உன் பாட்டில் சத்தம் போட்டா உனக்கு மட்டும் குண்டு வராதுடா தம்பி, பின்னால வரவனுக்கும் வரும்" என்பார். நிலா இல்லாத இரவில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து, காலடியை எண்ணிக்கொண்டு நடக்கும் வித்தையை அவர்தான் எங்களுக்குப் பழக்கினார். பின்னாளில் பெல்காமில் கமாண்டோ பயிற்சிக்கு என்னை அனுப்பியபோது, பல இடங்களில் எனக்குக் கைகொடுத்தது அவர் சொல்லித் தந்ததுதான்.

அந்த மனிதரைத்தான் நீங்கள் ஃபெயில் என்கிறீர்கள். சோதனையில் கற்றதைத் தன்னோடு புதைத்துக்கொள்ளாமல் கொண்டுவந்து 20 பேருக்குக் கொடுத்தவர் தோற்றவர் என்றால், வென்றவர் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

பேனரில் கமாண்டோ என்று போட்டுக்கொண்டாரே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பேனர் அடித்தது விழாக் குழு. அண்ணன் மேடையேறியதும் சொன்ன முதல் வாக்கியமே, அந்தப் பெயருக்குத் தான் உரியவர் அல்லர் என்பதுதான். முழு வீடியோவில் அது இருக்கிறது. தகுதியில்லாமல் பாராசூட் படையினரின் கருஞ்சிவப்புத் தொப்பியும் சிறப்புப் படையினரின் பலிதான் சின்னமும் அணிந்துகொண்டு ஊரை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ராணுவத்தில் இல்லாதவர் ஏமாற்றும் நோக்கத்தோடு சிப்பாய் உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம். 3 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படிப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுங்கள், நானும் உடன் வருகிறேன். ஆனால் பொய் சொன்னவனுக்குக் கிடைக்க வேண்டிய அவமானத்தை உண்மை சொன்னவர் தலையில் கொட்டுவது என்ன நியாயம்?

ராணுவ விஷயங்களை வெளியே பேசலாமா என்று ஒரு நண்பர் அக்கறையோடு கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எந்த நடவடிக்கையில் யார் போனார், எந்த வழியில் போனார் என்பதைப் பேசக் கூடாது. 1923ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வுபெற்ற பிறகும் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. கொப்புளத்துக்கு ஊசி போடுவது ரகசியம் அல்ல. ஆர்வத்தோடு கேட்கும் பையன்களுக்குப் பயிற்சியைப் பற்றிச் சொல்வதும் குற்றம் அல்ல. உண்மையில் அந்தக் கூட்டத்தில் எல்லையைத் தாண்டிய கேள்விகளைக் கேட்டவர்கள் வீடியோக்காரர்கள்தான். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று 3 முறை கேட்டார்கள். அண்ணன் பதில் சொல்லவில்லை. அதனால்தான் அவர்களுக்கு வேறு ஏதோ ஒன்றை வெட்ட வேண்டிவந்தது என்பது என் எண்ணம்.

தோல்வியைத் தோல்வி என்றுதானே சொல்ல வேண்டும், இதில் மனம் புண்பட என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்து நிற்கும் ஒரு பையனின் முகத்தை ஒரே ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுங்கள்.

கமாண்டோ என்றால்தான் மிலிட்டரி, மற்றவர்கள் எல்லாம் கேன்டீனில் சரக்கு வாங்குகிறவர்கள் என்ற எண்ணம் நம் ஊரில் எப்போது வந்தது? கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று அழைக்கும் மாவட்டம் இது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் போனவர்களில் பெரும்பாலோர் சிப்பாய், ஓட்டுநர், சமையல்காரர், சாப்பர் (பொறியியல் படைச் சிப்பாய்), சிக்னல்காரர். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரச் சாவடியில் பனிச்சரிவில் புதைந்த 10 பேரும் 19 மதராஸ் பட்டாளத்தோடு காவல் நின்றவர்கள். சிறப்புப் படை அல்ல, காலாட்படை. அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துக்காரர். அன்று சவப்பெட்டிக்கு முன்னால் அழுத ஊர்தான் இன்று இந்த வீடியோவுக்குச் சிரிக்கிறது. எனக்கு இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. அண்ணனை விட அது பெரியது. என் அக்கா மகன் அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறான். 2022இல் வந்த அந்தத் திட்டத்தின் விதிப்படி 4 ஆண்டு முடிந்ததும் ஒவ்வோர் அணியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்தான் தொடர்வார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீட்டுக்கு வருவார்கள். திட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நம் கிராமங்களுக்குத் திரும்பப் போகும் அந்த நூற்றுக்கணக்கான பையன்களை நீங்கள் என்னவென்று அழைக்கப் போகிறீர்கள்? அவர்களும் வெயிலிலும் பனியிலும் காவல் நின்றவர்கள். இடம் இல்லை என்று அனுப்பப்பட்டவர்களையும் ஃபெயில் என்றுதான் எழுதப் போகிறீர்களா? என் அக்கா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், "நம்ம புள்ளைய வச்சிக்கலன்னா ஊர்ல இப்படித்தான் சிரிப்பாங்களாடா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்கு மாற்றினேன். இந்தப் பதிவு பாதி அதற்காகத்தான் எழுதப்படுகிறது.

வீடியோவை வெட்டிய தம்பியிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது அண்ணா, இப்போது எடுத்தால் சேனலுக்கு அடி என்றான். தம்பி, நீ தினமும் காலையில் பாலாற்று மணலில் ஓடும் பையன்களைப் படம் எடுக்கிறாய். அவர்களுக்குக் காசு வாங்காமல் ஓட்டம் சொல்லிக் கொடுப்பவர் யார் என்று உனக்குத் தெரியும். அவர் வீடியோ வந்த நாளிலிருந்து ஆற்றுப் பக்கம் வரவில்லை. பையன்கள் தாங்களாகவே ஓடிவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆள்சேர்ப்புக்கு அதில் எத்தனை பேர் தயாராவார்கள் என்று தெரியவில்லை.

மண்டபத்துக்காரர் எடுத்த முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது. முதல் பின்னூட்டத்தில் இணைத்திருக்கிறேன். முழுவதையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் அவரைத் தோற்றவர் என்று சொல்லத் தோன்றினால் உங்கள் பெயரோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அண்ணனே முதலில் பேச வேண்டும் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் சம்மதித்துவிட்டார். அண்ணன்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.