தேதி மட்டும் தெரிந்த குறுஞ்செய்தி

என் தோழி ஒருத்தி முதல் முறை கர்ப்பமாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையை நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள். மலம் கறுப்பாகப் போகிறதாம். பயம் ஒரு பக்கம், இதைப் போய் டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் ஒரு பக்கம். கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் குறுஞ்செய்தியில் ஆலோசனை அனுப்பும் சேவை ஒன்றில் அவள் பதிவு செய்திருந்தாள். அந்த வாரமே அதிலிருந்து போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும், பயம் வேண்டாம்." அன்றைக்கு ராத்திரியே மறுபடி போட ஆரம்பித்தாள். அடுத்து வந்ததில், மாத்திரை போடும் நேரத்தில் டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று இருந்தது.

முதல் பரிசோதனையில் கையில் திணிக்கும் கையேட்டை முப்பதாவது வாரத்தில் யார் தேடி எடுத்துப் படிக்கிறார்கள்? குறுஞ்செய்தி அந்தந்த வாரத்து விஷயத்தோடு தானே வந்து நிற்கிறது. அமெரிக்காவில் 2010இல் 'டெக்ஸ்ட் ஃபார் பேபி' இப்படித்தான் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் 2014இல் 'மாம்கனெக்ட்'டை சுகாதாரத் துறையே கொண்டுவந்தது. இந்தியாவின் 'கில்காரி' எழுத்தையே விட்டுவிட்டு, நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை 72 குரல் அழைப்புகள் என்று வைத்துக்கொண்டது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேருமே.

எழுத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்குப் பொதுவாக 70தான், அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'கர்ப்பிணி' என்று எழுதினாலே ஒன்பது காலி! இந்த இடத்தில் "ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கவும்" என்று அனுப்பி என்ன பயன்? கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னால், படிக்கிறவளுக்கு என்ன செய்வதென்று தெரியும். இதை வீட்டில் மற்றவர்களும் படிப்பது நல்லது. பல வீடுகளில் போன் அவள் கையில் இருப்பதே இல்லை என்பது தனிக் கதை.

சரி, எனக்கு இதில் உள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அதே தோழிக்கு இரண்டாவது கர்ப்பம் பதினாறாவது வாரத்தில் கலைந்தது. கணினிக்கு அது தெரியாது, அதற்குத் தெரிந்தது பதிவு செய்த தேதி மட்டும். பதினேழாவது வாரத்திலும் செய்தி வந்தது, பதினெட்டிலும் வந்தது. "உங்கள் குழந்தை இப்போது..." என்று ஆரம்பிக்கும் வரிகள். நிறுத்தச் சொல்லலாம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாம்கனெக்டில் குழந்தையை இழந்தவர்கள் அதைத் தெரிவித்தால், வழக்கமான செய்திகள் நின்று ஆறுதல் செய்திகள் வர வழி செய்திருக்கிறார்கள். மற்றவர்களும் முதல் செய்தியிலேயே நிறுத்தும் வழியைப் போட்டுவிட்டால் என்ன? 70 எழுத்துக்குள் அது தாராளமாக அடங்கும்.

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் செய்தி வரும். கொஞ்ச நாள், செவ்வாய் காலையில் மட்டும் போனை அணைத்து வைத்திருந்தாள்.