பள்ளம் வெட்டினால் துப்பாக்கிக் குழல் விறைப்பாகாது

மேலே ஒரு அண்ணன், "போட்டித் துப்பாக்கியின் குழலில் நீளவாக்கில் பள்ளம் வெட்டினால் எடை குறையும், விறைப்பும் கூடும், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போட்டியின் எடைக் கணக்கில் வராது" என்று எழுதியிருக்கிறார். எடை குறையும், அது சரி. மற்ற இரண்டும் தவறு.

அமெரிக்காவில் நடக்கும் ஆயிரம் கஜ பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும்) போட்டியில் லைட் கன் (எடை குறைந்த துப்பாக்கி) பிரிவின் வரம்பு 17 பவுண்டு, அதாவது 7.7 கிலோ. ஸ்கோப்பையும் சேர்த்துத்தான் தராசில் வைப்பார்கள். ஸ்கோப் மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல் போகலாம்.

நான் மலேசியாவின் பட்டர்வர்த்தில் லேத் ஓட்டுபவன். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை (நம் நாட்டுச் சட்டத்துக்குத் தொடாமல் இருப்பதே நல்லது). ஆனால் உருக்கு தெரியும். பட்டறையில் கிடக்கும் 32 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி மீட்டருக்கு 6.3 கிலோ. நடுவே 6 மில்லி துளை போட்டு 28 அங்குலத்துக்கு வெட்டினால் சுமார் 4.3 கிலோ நிற்கும். மிச்சம் 3.4 கிலோவுக்குள் கட்டை (தோளில் வைக்கும் பிடி), ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறி), ட்ரிக்கர், ஸ்கோப் எல்லாம் அடங்க வேண்டும்.

உலோகத்தைச் சுரண்டி எடுத்தால் விறைப்பு குறையத்தான் செய்யும். அதே எடையுள்ள மெல்லிய குழலைவிடப் பள்ளம் வெட்டிய தடித்த குழல் விறைப்பானது. அதைத்தான் அண்ணன் குழப்பிக்கொண்டார். விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் போகிறது. 32-ஐ 30 ஆக்கினால் எடை 12 விழுக்காடுதான் குறையும், விறைப்போ 23 விழுக்காடு போய்விடும். நீளத்தைக் குறைத்தால் எடையும் இறங்கும், குழலும் விறைக்கும். ஆனால் தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறையும். அந்தப் பேரம் வேறு.