இளைப்பாறின ரீச்சருக்கு இப்ப என்ன வேலை?

போன கிழமை அடம்பன் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கேக்க என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் மோட்டசைக்கிளை நிப்பாட்டி, "ரீச்சர் இப்ப சும்மாதானே இருக்கிறியள், டியூசன் ஒண்டு தொடங்குங்கோவன், எங்கட பிள்ளையளுக்கு கணக்குக்கு ஆளில்லை" எண்டு கேட்டான். நல்ல மனசோடதான் கேட்டவன். எனக்கு அந்த இடத்தில மறுமொழி வரேல்ல, வீட்ட வந்தும் அதே யோசினை, அதான் இண்டைக்கு இருந்து எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

60 வயசில பென்சன் எடுத்து இப்ப நாலு வருசம். படிப்பிச்ச காலம் முழுக்க நான் கடவுளுக்குக் குடுத்தது மிச்சம் மீதி நேரம்தான். காலமைப் பூசைக்குப் போவன், சுவாமியார் பிரசங்கம் வைக்கேக்க என்ர மனசு பாடக்குறிப்பில நிக்கும், நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில நிண்டாலும் கண் மணிக்கூட்டில, பஸ் போயிடுமோ எண்டு. ராவில செபமாலை தொடங்கினா, அதில பத்துப் பத்து மணியா ஐஞ்சு பத்து இருக்கு, மூண்டாவது பத்தில நித்திரை. அதுக்காக கடவுள் என்னைக் கோவிச்சிருப்பார் எண்டு நான் நினைக்கேல்ல, பிள்ளையளைப் படிப்பிச்சதும் அவருக்குச் செய்த வேலைதான். ஆனா முழு மனசு அங்க இருக்கேல்ல.

இடம்பெயர்ந்து திரியேக்க செபிச்ச மாதிரி வாழ்க்கையில வேற எப்பவும் செபிக்கேல்ல. 2008 ஏப்ரல்ல மடு மாதாவின்ர சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டு போக வேண்டி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாதாவுக்கு அது முதல் தரமும் இல்லை, 1670ம் ஆண்டளவில கத்தோலிக்கரை நெருக்கின ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில இருந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடின சனத்தாலதானே மடுவே உண்டானது. நாங்களும் அப்பிடித்தான், பங்கருக்குள்ள குந்தி இருந்து ஷெல் கூவக் கூவ "அருள் நிறைந்த மரியே" எண்டு கத்தாத குறை. அந்தச் செபத்தில இருந்தது ஒரே ஒரு சொல்லுத்தான், காப்பாத்து. அது பொய்ச் செபமில்லை, ஆனா அவசரமா ஒண்டும் கேக்க இல்லாம அவருக்கு முன்னால இருக்கிறது எண்டா என்ன எண்டு பென்சன் எடுத்தாப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா எனக்கு விளங்கினது.

உடன விளங்கேல்ல. முதல் வருசம் நான் என்ன செய்தன் எண்டா கோயிலில இருக்கிற எல்லாத்துக்கும் பேர் குடுத்தன், திருவிழாக் கமிற்றி, பாடகர் குழு, மறைக்கல்வி, தவக்காலத்தில பசாம் எண்ட இயேசுவின்ர பாடுகளின்ர பாட்டைப் படிக்கிறதும் நான்தான். வெளியில பாத்தா பெரிய பக்தி. உள்ளுக்க நான் இன்னும் பள்ளிக்கூடத்திலதான் இருந்தனான், சனத்தை அதிகாரம் பண்ணிக்கொண்டு. சொரூபக் கூடு சோடிக்கிற விசயத்தில ஒரு பிள்ளையை எல்லாருக்கும் முன்னால பேசி அழப்பண்ணிப்போட்டன், அவள் மூண்டு கிழமை கோயில் பக்கம் வரேல்ல. பிறகு நான்தான் அவளின்ர வீட்டுப் படலையில போய் நிண்டு மன்னிப்புக் கேட்டனான். ஒப்புரவு அருட்சாதனத்தில, அதான் பாவசங்கீர்த்தனத்தில, அதைச் சொல்லேக்க சுவாமியார் பெருசா ஒண்டும் பேசேல்ல, லூக்காவின்ர இரண்டாம் அதிகாரத்தை ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் வாசியுங்கோ எண்டு மட்டும் சொன்னார்.

வாசிச்சன். அன்னா எண்ட இறைவாக்கினர் அங்க வாறா. கலியாணம் முடிச்சு ஏழு வருசம் புருசனோட வாழ்ந்து, பிறகு கைம்பெண்ணாகி, 84 வயசு மட்டும் கோயிலை விட்டு நீங்காம நோன்பும் செபமுமா இருந்தவ. அதே கோயிலில குழந்தை இயேசுவைக் கையில ஏந்தின சிமியோனுக்கு வயசே எழுதேல்ல கவனிச்சீங்களோ, நாங்களாத்தான் அவரைக் கிழவன் எண்டு வைச்சிருக்கிறம். ரெண்டு பேரும் ஒரு கமிற்றியிலயும் இருந்த மாதிரித் தெரியேல்ல. பாத்துக்கொண்டு இருந்தவை, குழந்தையைக் கண்ட உடன அது ஆர் எண்டு பிடிச்சிட்டினம். அந்தக் கோயிலில அண்டைக்கு எத்தினை பேர் ஓடித் திரிஞ்சிருப்பினம், அவையளுக்குத் தெரியேல்லையே.

இன்னொண்டும் சொல்லவேணும். "வயசு போனாப் பக்திதானே, வேற என்ன இருக்கு" எண்டு சிலர் கதைக்கிறது எனக்குச் சரியான கவலை. 2015 ஜனவரி 14ம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வரேக்க நாங்கள் வெய்யிலுக்க நிண்டு பாத்தனாங்கள். அவருக்கு அப்ப 78 வயசு. 75 வயசில ஆயர்மார் ராஜினாமாக் கடிதம் குடுக்கவேணும், அவரும் குடுத்தவர், இளைப்பாறுற நேரத்திலதான் 2013ல பாப்பரசரா எடுத்தவை. அண்டைக்குக் காலமை கொழும்பில அவர் புனிதரா உயர்த்தின யோசேவாஸ் சுவாமியார் 1651ல பிறந்து 1711ல கண்டியில செத்தவர், கணக்குப் பாத்தா 59 வயசு, எங்கட பென்சன் வயசுக்கே அவர் வரேல்ல. 1687ல ஒல்லாந்தருக்குத் தெரியாமப் பிச்சைக்காரனைப் போல யாழ்ப்பாணத்தில வந்து இறங்கின மனுசன் எனக்குக் கிடைச்ச இந்த நாலு வருசத்தைக் காணவேயில்லை. அதை நினைச்சா இதை வீணாக்க மனம் வருதில்லை.

சரி, இப்ப என்ன செய்யிறன். விடிய நாலரைக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பன், பைபிளோட, போன் அடுப்படியில கிடக்கும். பிறகு பூசை. பகலில மரியாயின் சேனை எண்ட கோயில் சபையில இருந்து ரெண்டு ரெண்டு பேரா வீடுகளுக்குப் போவம். எங்கட பக்கத்தில பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, வயசு போனதுகள் தனிய, காசு வரும், கதைக்க ஆள் வராது.

அதில ஒரு ஆச்சி. பாரிசவாதம் வந்து வலக்கை மடங்கிப் போச்சு, செபமாலை மணியை உருட்ட ஏலாது. நான் அவவின்ர பெருவிரலைப் பிடிச்சு ஒவ்வொரு மணியா வைச்சுக்கொண்டு போவன், விரல் சுள்ளி மாதிரிக் காய்ஞ்சு கிடக்கும், ஆனா மணியில படேக்க ஒரு சின்ன அழுத்தம் தருவா, அதுதான் அவ செபிக்கிறது. முதல் நாள் ஐஞ்சு பத்தும் முடிச்சுக் கடைசியில சொல்லுற கிருபைதயாபத்து மந்திரம் தொடங்க, விரலை இழுத்துப்போட்டா. "இன்னும் ஒரு பத்து கிடக்குப் பிள்ளை" எண்டா. ஐஞ்சும் முடிஞ்சுது ஆச்சி எண்டன். "அது அவனுக்கு" எண்டா. 2009ல காணாமப்போன மகன். அண்டையில இருந்து அந்த வீட்டில ஆறு பத்துச் சொல்லுறம். உயிரோட இருக்கிறவைக்குரிய செபமோ செத்தவைக்குரிய செபமோ எண்டு அவவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என்ர மகள் கனடாவில, வந்து பேரப்பிள்ளையளோட இருங்கோ அம்மா எண்டு ஒவ்வொரு ஞாயிறும் கேப்பாள். பேரப்பிள்ளையைப் பாக்கிறதும் கடவுளுக்குச் செய்யிற ஊழியம்தான், போனவையை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டன். எனக்கு இஞ்ச இருக்கச் சொல்லித்தான் மனசு சொல்லுது, அதை அவளுக்குச் சொல்லேக்க அவளும் அழுதாள் நானும் அழுதன், வாற வருசம் மூண்டு மாதம் போய் நிண்டிட்டு வாறன் எண்டு சொல்லியிருக்கிறன்.

தம்பி, நீ இதை வாசிச்சா உனக்கு மறுமொழி இதுதான். டியூசன் ஏலாது அப்பன். ஆனா சனிக்கிழமை பின்னேரத்தில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா, காசு வேண்டாம், ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லித் தாறன். வியாழன் மட்டும் வராத, வியாழன் நான் ஆச்சி வீட்ட.