சகுராவை மிதிக்காமல் ஹினாட்டாவைக் கொண்டாட முடியாதா?

நிஞ்ஜா சிறுவன் ஒருவனின் கதையான ‘நருடோ’ மாங்கா (ஜப்பானியப் படக்கதை) முடிந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. 2014 நவம்பர் 10ஆம் தேதி வந்த ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் 699, 700 என்று கடைசி இரண்டு அத்தியாயங்களும் ஒன்றாக வெளியாயின. கதாநாயகன் நருடோவுக்கு அவனை வெகுநாளாகக் காதலித்த ஹினாட்டா, அவன் நண்பனும் போட்டியாளனுமான சசுகேவுக்கு அவர்கள் குழுத்தோழி சகுரா என்று, அதை வரைந்த மசாஷி கிஷிமோட்டோ ஜோடி சேர்த்து முடித்து வைத்தார். யாருக்கு யார் ஜோடி என்ற ‘ஷிப்’ சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. நருடோ பற்றி யார் என்ன எழுதினாலும், வெறும் சண்டைக் காட்சியைப் பற்றி எழுதினால்கூட, கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து “சகுரா எதுக்கும் லாயக்கில்லாதவள்” என்று எழுதிவிட்டுப் போகிறார். அடுத்தவர் வந்து “நருடோ பின்னாடி சுத்துறதைத் தவிர ஹினாட்டாவுக்கு என்ன தெரியும்” என்கிறார். அப்புறம் விடிய விடிய அதுதான்.

நான் ஹினாட்டா பக்கம். அந்தக் கதை அப்படித்தான் முடிய வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் பக்கத்து ஆட்கள் சகுராவைப் பற்றிப் பேசும் பேச்சை என்னால் சகிக்க முடியவில்லை. ஆண் கதாபாத்திரங்களில் இட்டாச்சியைப் பிடிக்கும் என்று சொல்கிறவர் அதற்காகக் ககாஷியைத் திட்டுவதில்லை. இரண்டு பேரையும் பிடிக்கும் என்பார், யார் பலசாலி என்று வேண்டுமானால் வாதாடுவார். பெண் கதாபாத்திரம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒருத்தியை உயர்த்த இன்னொருத்தியைக் கேவலப்படுத்தியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? மாங்காவில் அப்படி ஒரு போட்டியே கிடையாது. ஹினாட்டாவும் சகுராவும் நருடோவுக்காக ஒரு தடவைகூட மோதிக்கொண்டதில்லை. போட்டி முழுக்க வாசகர்கள் தலையில்தான் நடக்கிறது.

437ஆம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். நருடோவின் ஊரான கொனோஹா தரைமட்டமாகிக் கிடக்கிறது. ஊரை அழித்த வில்லன் பெய்ன் கறுப்புக் கம்பிகளால் நருடோவைத் தரையோடு அறைந்து வைத்திருக்கிறான். அங்கே தன்னந்தனியாக வந்து நிற்கிறாள் ஹினாட்டா. நருடோ எதிரே வந்தாலே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பேச்சு வராமல் நின்ற பெண் அவள். ஜெயிக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதுக்கு வந்தே, ஓடிப்போ என்று நருடோ கத்துகிறான். இது என் சுயநலம், நானாக விரும்பித்தான் இங்கே நிற்கிறேன் என்கிறாள். அழுதுகொண்டு எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிடுகிற பெண்ணாக இருந்தேன், உன்னைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன் என்கிறாள். உன்னைக் காப்பாற்றச் சாகவும் பயமில்லை, ஏனென்றால் உன்னைக் காதலிக்கிறேன் என்று முடிக்கிறாள். ஷோனென் (சிறுவர்களுக்கான) மாங்காவில் எத்தனையோ காதல் அறிவிப்புகள் உண்டு. பதில் எதையும் எதிர்பார்க்காமல் சொல்லப்பட்ட இது எனக்கு எல்லாவற்றையும்விட மேலானது. இவ்வளவு பலமான காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் சகுராவைத் திட்டி வாதத்தை ஜெயிக்கப் பார்க்கிறோம்?

இப்போது அதே கண்ணோடு சகுராவைப் படியுங்கள். ஆரம்பத்தில் அவள் நருடோவிடம் நடந்துகொண்டது தப்புதான். மூன்றாவது அத்தியாயத்திலேயே, பெற்றோர் இல்லாததால் அவனைத் திட்ட ஆளில்லை, அதனால்தான் இப்படித் திரிகிறான் என்று அலட்சியமாகச் சொல்கிறாள். சசுகே அவளை முகத்துக்கு நேராகக் கடிந்துகொள்கிறான். தனிமையின் வலி உனக்குத் தெரியாது என்கிறான். சகுராவை மட்டம் தட்ட எல்லோரும் எடுத்துப் போடுவது இந்தப் பக்கத்தைத்தான். அடுத்து வருவதை யாரும் போடுவதில்லை. அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. நருடோவிடம் இனி கொஞ்சம் அன்பாக இருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறாள். அதற்குப் பிறகு எழுநூறு அத்தியாயம் வரை நீளும் வளர்ச்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அப்புறம் அந்தப் பனிக் காட்சி, 469ஆம் அத்தியாயம். சகுராவை வெறுப்பவர்களின் முக்கிய ஆதாரமே இதுதான். நருடோவைத் தேடி இரும்பு நாட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும், சசுகேவை மறந்துவிட்டேன், உன்னைத்தான் காதலிக்கிறேன் என்கிறாள். தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிறவர்களைப் பிடிக்காது என்று நருடோ மறுத்துவிடுகிறான். “பாவம் நருடோ, அவன் மனசோட விளையாடிட்டா” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவள் ஏன் வந்தாள் என்று பார்க்க வேண்டாமா? ஊரைவிட்டு ஓடிய சசுகேவைத் திரும்பக் கொண்டு வருவேன் என்று சின்ன வயதில் நருடோ கொடுத்த வாக்கு அவனை நசுக்குகிறது என்று குழுத்தோழன் சாய் சொல்லித்தான் அவளுக்கு உறைக்கிறது. அந்த வாக்கை அழுது கேட்டு வாங்கியவள் அவள். அதிலிருந்து அவனை விடுவித்துவிட்டு, குற்றவாளியாகிவிட்ட சசுகேவைத் தானே கொன்று முடித்துவிடலாம் என்ற முடிவோடு வந்திருக்கிறாள். முறை தப்பு, பொய்யும் தப்பு, சரி. அதில் சுயநலம் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் விடுங்கள், கடைசிப் போரில் ஒரு இடம் இருக்கிறது. நருடோவின் உடம்புக்குள் இருந்த ஒன்பது வால் மிருகம் குராமாவை உருவி எடுத்துவிட்டார்கள், நருடோ செத்துக்கொண்டிருக்கிறான். மணலை ஆட்டுவிக்கும் நண்பன் காராவின் மணல் மேல் பறந்துகொண்டே சகுரா சிகிச்சை பார்க்கிறாள். இதயம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் அவன் உடம்பைக் கிழித்து, உள்ளே கையை விட்டு, இதயத்தைக் கையாலேயே பிசைகிறாள். வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்கிறாள். ஹோகாகே (ஊர்த் தலைவன்) ஆக வேண்டும் என்ற உன் கனவு கண்முன்னாலேயே இருக்கிறதே, உன்னைச் சாக விடமாட்டேன் என்று துடிக்கிறாள். இந்தப் பக்கம் வந்தபோது நடந்த விவாதம் எதைப் பற்றித் தெரியுமா? அது முத்தமா இல்லையா என்று! ஒரு மருத்துவர் தன் நண்பனின் இதயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போராடுகிறார், நாம் அதில் புள்ளிக்கணக்குப் பார்க்கிறோம். எனக்கு உண்மையிலேயே மனது விட்டுப்போன இடம் அது. சுனா என்ற ஊரின் வைத்தியர்கள் கைவிட்ட நிஞ்ஜா கான்குரோவுக்கு விஷமுறிவு தயாரித்தவளும், சியோ பாட்டியோடு சேர்ந்து வில்லன் சசோரியை வீழ்த்தியவளும் இவள்தான். “லாயக்கில்லாதவள்” என்ற சொல்லை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

வாசகர் வாக்கெடுப்பைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானில் இந்த வாக்கெடுப்பு பழைய வழக்கம். ஜம்ப் இதழோடு ஒரு அஞ்சலட்டை வரும். பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்ப வேண்டும், எந்தத் தொடர் ஓடும், எது நிற்கும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கதாபாத்திரங்களுக்கான வாக்கெடுப்பு தனி. முடிவு வரும்போது வண்ணப் பக்கத்தில் எல்லோரையும் வரைந்து போடுவார்கள், கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் அதில் கேட்கப்படும் கேள்வி ‘யாரைப் பிடிக்கும்’ என்பது மட்டும்தான். யாரை யாருக்குக் கட்டி வைக்கலாம் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

நருடோ அனிமேயின் (டிவி அனிமேஷன் தொடர்) 20ஆம் ஆண்டையொட்டி உலகம் முழுவதும் நடந்த வாக்கெடுப்பின் முடிவு 2023இல் வந்தது. முதலிடம் மினாட்டோ. நருடோ பிறந்த அன்றே இறந்துபோன அப்பா, கதையில் மொத்தமே கொஞ்ச நேரம்தான் வருவார். இரண்டாவது இட்டாச்சி. மூன்றாவது சகுரா! கதாநாயகன் நருடோவுக்கு ஆறாவது இடம். ஜெயித்தவருக்குப் பரிசாக கிஷிமோட்டோ அதே ஆண்டு ஜூலையில் மினாட்டோவை வைத்து ஒரு தனிக் கதை வரைந்தார். சகுராவை உலகமே வெறுக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதே சமயம் மூன்றாம் இடத்தைக் காட்டி, அவள்தான் நருடோவுக்குப் பொருத்தம் என்று சொல்கிறவர்களையும் நான் ஏற்கமாட்டேன். அப்படிப் பார்த்தால் மினாட்டோதான் கதாநாயகனாக இருந்திருக்க வேண்டும்.

நெகி ஹருபா 2017 முதல் 2020 வரை வரைந்த ‘கோ-டோபுன் நோ ஹனயோமே’ என்ற காதல் மாங்காவிலும் இதே குழப்பம்தான். ஐந்து சகோதரிகள், ஒரு டியூஷன் வாத்தியார். அதில் ஒருத்தியோடு அவனுக்குக் கல்யாணம் என்று முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகிறார்கள், யார் என்பது மட்டும் மர்மம். வாக்கெடுப்பில் முதலிடம் சகோதரிகளில் ஒருத்தியான மிக்குவுக்கு. மணப்பெண் யோட்சுபா. மிக்கு ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அவனோடு உட்கார்ந்து படிக்க ஒத்துக்கொண்ட ஒரே ஒருத்தி யோட்சுபாதான் என்பதை அந்தக் கொதிப்பில் யாரும் கவனிக்கவில்லை. ‘போகுபென்’ மாங்காவில் ஐந்து நாயகிகளுக்கும் ஐந்து தனித்தனி முடிவு கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை, உண்மைதான். எனக்கு அதில் ஒரு முடிவும் மனதில் ஒட்டவில்லை.

கிஷிமோட்டோ மேல் எனக்கு ஒரு நியாயமான கோபம் உண்டு. ஹினாட்டா தன் காதலைச் சொன்னது 2009இல். மாங்கா முடியும்வரை, ஐந்து வருடம், நருடோ அதற்கு நேராக ஒரு பதிலும் சொல்வதில்லை. ஹினாட்டாவின் ஒன்றுவிட்ட அண்ணன் நெஜி போரில் இறந்த இடத்தில் அவள் அவன் கன்னத்தில் தட்டி நிமிர்த்துகிறாள், கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 699இல் சசுகே ஊரைவிட்டுக் கிளம்புகிறான், 700இல் எல்லோருக்கும் குழந்தைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். நடுவே நடந்த காதலைத் தெரிந்துகொள்ள 2014 டிசம்பரில் வந்த ‘தி லாஸ்ட்’ படத்துக்குப் போக வேண்டியிருந்தது. சகுரா மேல் நருடோவுக்கு இருந்த ஆசைக்கு, சசுகேவிடம் எதிலும் தோற்கக்கூடாது என்ற வீம்புதான் காரணம் என்ற விளக்கமும் படத்தில்தான் வருகிறது. இது மாங்காவிலேயே, அவர் கையால் வரைந்து, ஒரு பத்து அத்தியாயமாவது வந்திருக்க வேண்டும். நருடோ-சகுரா ஜோடி ரசிகர்கள் ஏமாந்ததாக உணர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நருடோ அவளை விரும்புகிறான் என்று முதல் அத்தியாயங்களிலிருந்து காட்டிவிட்டு, அது எப்போது, எப்படி மாறியது என்று மாங்காப் பக்கங்களில் காட்டவில்லை. அந்தக் குறைக்கு ஹினாட்டாவும் சகுராவும் எப்படிப் பொறுப்பாவார்கள்?

நருடோ-சகுரா ஜோடிதான் சரி என்று நினைக்கிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கட்டாயம் வாருங்கள், பேசுவோம். எந்த அத்தியாயம், எந்தக் காட்சி உங்களை அப்படி நம்ப வைத்தது என்று எழுதுங்கள், நானும் எடுத்துப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். என் பக்கத்து நண்பர்களுக்கும் அதே நிபந்தனைதான். அத்தியாய எண் இல்லாமல் சகுராவைத் திட்டி வரும் கருத்தை நீக்கிவிடுவேன், ஹினாட்டாவைத் திட்டி வந்தாலும் அப்படியே.