சம்பளம் போடாத வேலை விளம்பரம்

"மென்பொருள் உருவாக்குநர் தேவை. கவர்ச்சிகரமான சம்பளம்." விளம்பரமே இவ்வளவுதான். எந்தக் கணினி மொழி, ஜாவாவா பைத்தனா, கொழும்பிலா வீட்டிலிருந்தா, ஒன்றும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலும் வவுனியாவிலும் படித்த பிள்ளைகள் இதை நம்பிக் கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறுகிறார்கள். விடியக் கொழும்பில் இறங்கி நேர்முகத்துக்குப் போனால், முதல் ஆறு மாதம் சம்பளமில்லாத பயிற்சியாம்! எரிச்சலாக இருக்கிறது.

இணையத்தளத்துக்கு ரியக்ட், பிஎச்பி, கைபேசிச் செயலிக்கு அன்ட்ரோய்ட், படவேலைக்குப் போட்டோஷொப் என்று எல்லாம் ஒருவரிடமே கேட்டால், அங்கே வேறு ஆளில்லை என்று எடுங்கள். போகமுதல் மின்னஞ்சலில் கேளுங்கள்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய சம்பளத்தின் 12 வீதத்தைக் கட்டுவார்களா? பதில் வராவிட்டால் விடுங்கள். சரி, இதையெல்லாம் விளம்பரத்திலேயே போட அவர்களுக்கு என்ன கஷ்டம்?