குடிக்காமல் திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

அக்கா மகள் உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்குப் படிக்க வருகிறாள். காலை ஏழு மணி பஸ், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். கொண்டுபோகும் ஒரு லிட்டர் தண்ணீரில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது என்று அக்கா திட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் மாமா. எங்க மாடியில அது பூட்டியே கிடக்கு. கேன்டீனுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு, அதுல தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும்."

கல்லூரியின் பெயர் வேண்டாம். முகப்பெல்லாம் கண்ணாடி பதித்து, பார்க்க ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். போன வருடம் கல்லூரிகளுக்குத் தரமதிப்பு போடும் நாக் (NAAC) குழு வந்தபோது அந்தப் பூட்டு திறந்ததாம். அவர்களுடைய ஏழு அளவுகோல்களில் நான்காவது கட்டிட வசதி, சும்மா விடுவார்களா? ஃபினாயில் மணந்திருக்கிறது, சோப்புகூட வைத்திருக்கிறார்கள், வராந்தா முழுக்க வாடகைப் பூந்தொட்டிகள். குழு கிளம்பிய மறுநாள் தொட்டிகள் வண்டியேறின, சாவி ஆபீசுக்குப் போய்விட்டது. (சோப்பு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.) வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் கட்டினார்கள், ஆனால் வகுப்பு இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும்!

நான் படித்தது வேறு கல்லூரி, அங்கே பிரச்சினை வெயில். மொட்டை மாடிக்கு நேர் கீழே வகுப்பு, மேற்குப் பார்த்த ஜன்னல். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் கான்கிரீட் கொதிக்கும், ஃபேன் அந்த அனலையே சுற்றிச் சுற்றி அனுப்பும். கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியின் பழைய செங்கல் கட்டிடங்களைப் பாருங்கள், உயரமான கூரையும் அகலத் தாழ்வாரமுமாக, இந்த ஊர் வெயில் தெரிந்து கட்டியவை. எங்களுக்கு உருப்படியாக இருந்த ஒரே வசதி ஒரு வேப்பமரம். செமினார், சண்டை, சாப்பாடு எல்லாம் அதனடியில்தான். அப்புறம் பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று அதையும் வெட்டிவிட்டார்கள்.

வாரத்தில் ஆறு நாள் அங்கேயே கிடக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்?

போன சனிக்கிழமை அவளை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். 2023 ஜூலையில் திறந்தது, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், ஏசி வேறு. ஒவ்வொரு மாடியிலும் காலேஜ் பிள்ளைகள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன், புத்தகத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று.

"பாத்ரூம் சுத்தமா இருக்கு மாமா" என்றாள்.

மதியத்துக்குள் பாட்டில் காலி. அவளே போய் இன்னொரு தரம் நிரப்பிக்கொண்டு வந்தாள்.